விரிவும் விரைவும்

வானியல் குறித்துத் தமிழில் வெளிவரும் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகவே ஊன்றிப் படித்து வருகிறோம். அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயினும், பேரண்டத்தின் விரிவைப் பற்றி எழுதப் புகும்போது தேர்ந்த எழுத்தாளரும் ஓரிடத்தில் இடறிவிடுகின்றனர். ‘விரிகிறது’ என்பதும் ‘விரைகிறது’ என்பதும் அவர்கள் கையில் ஒன்றாகிவிடுகின்றன. ஓரெழுத்து வேறுபாடுதானே என்று விட்டுவிட முடியவில்லை. விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன என்பது விரிவு. 1929இல் எட்வின் ஹபிள் அதை அளந்து காட்டினார். அவ்விலகல் நாளுக்கு நாள் வேகம் பெறுகிறது என்பது விரைவு. அது 1998இல்தான் தெரியவந்தது. இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். அந்த இடைக்காலத்தில் நம் நீலகிரிக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைத்தான் கட்டுரையாளர்கள் சரிவரக் காட்டுவதில்லை.

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு மேலே, மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திராத நீலகிரிவாசிகள் குறைவு. அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், 24 பரவளைவுச் சட்டங்கள், 1100 எஃகுக் கம்பிகள். இவ்வளவையும் நம் கட்டுரைகள் தவறாமல் சொல்கின்றன. ஏதோ பாலம் கட்டியதைப் புகழ்வது போலிருக்கிறது! அதை ஏன் மலைச்சரிவில் கிடத்தினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முத்தோரை வடக்கு அட்சரேகை 11 பாகையில் இருக்கிறது. அச்சரிவின் சாய்வும் ஏறத்தாழ 11 பாகையே. ஆதலால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஒரே அச்சில் அதைத் திருப்பினால் போதும். வானத்தில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். இயந்திரத்தால் செய்ய வேண்டிய வேலையில் பாதியை மலையே செய்து கொடுத்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் (1929–2020) இதை எண்ணித்தான் தென்னாட்டில் மலை தேடினார். 1970இல் தொலைநோக்கி வேலை தொடங்கியது.

எதற்காக அது கட்டப்பட்டது என்பது இன்னும் முக்கியம். அக்காலத்தில் இரு கொள்கைகள் மோதிக்கொண்டிருந்தன. பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, அது காலப்போக்கில் மாறி வந்திருக்கிறது என்பது ஒன்று. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் ஆகிய மூவரும் முன்வைத்தது மற்றொன்று: பேரண்டம் என்றும் ஒரே தோற்றமுடையது, விரியும் இடத்தை நிரப்பப் புதுப்பொருள் தோன்றிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் விரிவு உண்டு என்பதை வாசகர்கள் கருத வேண்டும். வழக்கு விரிவைப் பற்றியதன்று, மாற்றத்தைப் பற்றியது.

தொலைவில் பார்ப்பது என்றால் பழங்காலத்தைப் பார்ப்பது. தொலைவிலுள்ள ரேடியோ மூலங்கள் அருகிலுள்ளவற்றைப் போலவே இருந்தால் மூவர் கொள்கை நிற்கும், இல்லையேல் விழும். ஆனால் அவ்வளவு சிறிய பொருள்களின் அளவை எப்படிக் காண்பது? அதற்கு நிலவைத் துணைக்கழைத்தனர். நிலவு தன் வழியில் ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியில், சமிக்ஞை எப்படித் தேய்ந்து மறைகிறது என்பதைப் பதிவு செய்தால் மூலத்தின் பருமன் தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கான மூலங்களை இவ்வாறு அளந்தபின், 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டனர். மங்கலான, அதாவது பெரும்பாலும் தொலைவிலுள்ள மூலங்களின் தோற்றப் பருமன் குறைந்துகொண்டே சென்ற விதம் மாறாப் பேரண்டக் கொள்கையோடு பொருந்தவில்லை. பண்டைக்கால மூலங்கள் எண்ணிக்கையில் மிகுந்தும் உருவில் சிறுத்தும் இருந்தன என்று கொண்டால் பொருந்தியது.

‘ஊட்டி பெருவெடிப்பை நிரூபித்தது’ என்று எழுதுவது மிகை. 1965இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு மாறாப் பேரண்டத்தை ஏற்கெனவே தளர்த்தியிருந்தது. ஊட்டி கொடுத்தது வேறு வழியில் வந்த தனிச் சாட்சியம். அதன் பெருமைக்கு அதுவே போதும்.

இனி, ஊட்டி சொல்லாததைக் கவனிப்போம். அந்த மூலங்களைக் கொண்டே விரிவின் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று அளந்திருக்கக் கூடாதா? கூடாது. அளவுகோல் நீளம் மாறாததாயிருந்தால்தான் அதைக் கொண்டு தொலைவை அளக்க முடியும். மூலங்கள் காலத்தோடு மாறின என்பதுதானே கண்டுபிடிப்பு! எந்த மாற்றம் ஒரு வழக்கைத் தீர்த்ததோ, அதுவே அடுத்த வழக்கில் அவற்றின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. இளமையில் தெளிவாக அறிவித்து முதுமையில் தடுமாறிய ராவிகளைப் பற்றி ‘இக்திலாத்’ என்று தனித் தலைப்பிட்டு நம் உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். எந்தக் காலத்துச் சொல் என்று பிரித்தறியாமல் அவர்களிடமிருந்து எடுப்பதில்லை.

ஆகவே, காலம் மாறினும் தன்மை மாறாத ராவி தேவைப்பட்டார். அவர் ஒருவகை விண்மீன் வெடிப்பாக வந்தார். தமிழ்க் குடும்பத்தில் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது ஒரு கணக்கைப் போட்டார். வெண்குறு விண்மீன் என்னும் எரிந்தடங்கிய மீன், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது. துணை மீனிடமிருந்து பொருளைப் பெற்று அவ்வெல்லையை நெருங்கும்போது அது வெடிக்கும் என்பது நெடுநாளைய விளக்கம். எல்லை ஒன்றாதலின் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்று. சிறு வேறுபாடுகளை ஒளி தேயும் வேகத்தைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். இரு வெண்குறு மீன்கள் மோதியும் வெடிப்பு நிகழலாம் என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. ராவியின் வரலாற்றில் அது ஓர் ஐயம், மறைக்கத் தக்கதன்று.

பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழுவும், ஷ்மிட், ரீஸ் ஆகியோர் அடங்கிய மற்றொரு குழுவும் விரிவின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கப் புறப்பட்டன. அளக்குமுன்பே அந்த அளவைக்கு ‘வேகத்தளர்ச்சி எண்’ என்று பெயரும் இருந்தது. 1998இல் கிடைத்த விடை எதிர்மறைக் குறியோடு வந்தது. தொலைவிலுள்ள வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன, தளர்ச்சியில்லை, விரைவே! இடையிலுள்ள தூசி மங்க வைத்ததோ என்று கேட்டனர், நிறத்தைச் சோதித்தனர். 2004இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி இன்னும் பழைய வெடிப்புகளைக் கண்டு, முதலில் வேகம் குறைந்து பின்னரே கூடியது என்பதையும் காட்டியது. நுண்ணலைக் கதிர்வீச்சும் விண்மீன் கூட்டங்களின் பரவலும் வேறு வேறு சனதுகளில் அதையே அறிவித்தன. 2011இல் மூவர்க்கும் நோபல் பரிசு கிட்டியது.

நம் கட்டுரைகளில் எங்கும் காணாத ஒரு செய்தி இங்கே இருக்கிறது. 1998க்கு முன் விரைவை எதிர்பார்த்த கொள்கை எது தெரியுமா? ஊட்டியின் சாட்சியத்தால் மேலும் சாய்ந்த அதே மாறாப் பேரண்டக் கொள்கைதான்! அதன் கணிதப்படி விரிவு விரைந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் ஹாயில் வென்றார் என்று சொல்லலாமா? முடியாது. மத்னு உண்மைக்கு ஒத்திருப்பதாலேயே முறிந்த சனது சீராகிவிடாது. பெருவெடிப்பை ஏற்றோரில் பெரும்பாலோர் இவ்விடத்தில் தவறாக எதிர்பார்த்தனர் என்பதும் சேர்த்தெழுத வேண்டிய செய்தியே.

இனி, பெயர். விரைவுக்குக் காரணமானதற்கு 1998இல் மைக்கேல் டர்னர் சூட்டிய பெயரைத் தமிழில் ‘கருப்பு ஆற்றல்’, ‘இருண்ட ஆற்றல்’ என்று பெயர்த்திருக்கிறோம். கருந்துளை என்பதிலுள்ள ‘கரு’ பொருத்தமானது. அது ஒளியை விழுங்குகிறது. இதுவோ ஒளியை விழுங்குவதுமில்லை, உமிழ்வதுமில்லை. பேரண்டத்தின் உள்ளடக்கத்தில் சுமார் 68 விழுக்காடு இதுவே என்று கணக்குச் சொல்கிறது; இன்னதென்று மட்டும் தெரியவில்லை. இருள் என்றதும் வாசகன் கரிய புகையொன்றைக் கற்பனை செய்துகொள்கிறான். சில ஏடுகளில் அப்படிப் படமும் போட்டுவிட்டார்கள். அரபியில் வழங்கும் ‘அத்தாக்கத்துல் முழ்லிமா’வுக்கும் இதே குறை உண்டு. பெயர் தெரிந்தும் நிலை தெரியாத ராவியை ‘மஜ்ஹூலுல் ஹால்’ என்பர். அச்சொல்லே இங்குப் பொருந்தும். தமிழில் ‘அறியா ஆற்றல்’ என்றால் என்ன குறைந்துவிடும்?

நம் சமூகத்து எழுத்தாளர்க்கென ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சூரா தாரியாத்தின் 47ஆம் வசனத்தில் வரும் ‘மூஸிஊன்’ என்னும் சொல்லைக் கொண்டு ஹபிளின் கண்டுபிடிப்பை அன்றே அறிவித்ததாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. அச்சொல்லின் வேர் வசதி, விசாலம், ஆற்றல் என்னும் பொருள்களைத் தாங்கியது. சூரா பகராவில் (236) அதன் ஒருமை வடிவம் வசதி படைத்தவனைக் குறிக்கிறது. இமாம் தபரீ ஆற்றலும் வசதியும் உடைமை என்று கொண்டார்கள். இப்னு கஸீர் வானத்தின் எல்லைகளை விசாலமாக்கியது என்று கொண்டார்கள். விரிவு என்னும் பொருளுக்கும் மொழி இடம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பல பொருள்களுள் ஒன்றை ஒரு கொள்கையோடு பிணைத்துவிட்டு, அக்கொள்கை மாறும்போது என்ன செய்வது? 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இவ்வகைக் கொள்கையைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது, விரிவை 1927இலேயே கணக்கிட்டுச் சொன்ன பாதிரியார் லெமேத்ர் அதை விரும்பவில்லை. தம் கணக்கு திருத்தத்துக்கு உரியது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அத்திருத்தம் இப்போதே வாசலில் நிற்கிறது. ஐன்ஸ்டைன் 1917இல் புகுத்திய மாறிலியே இந்த அறியா ஆற்றல் என்பது பலர் கருத்து. மாறிலியாயின் அதன் செறிவு என்றும் ஒன்றாயிருக்க வேண்டும். அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள டெசி கருவி கோடிக்கு மேற்பட்ட விண்மீன் கூட்டங்களை அளந்து, 2024இலும் 2025இலும் வெளியிட்ட முடிவுகள், பிற சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கையில், அது காலத்தோடு தளர்ந்து வருவதாகக் குறிப்புக் காட்டுகின்றன. உறுதிக்கு இயற்பியலார் கேட்பது ஐந்து சிக்மா. டெசியின் கணக்கு, எந்தச் சான்றைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 2.8க்கும் 4.2க்கும் இடையே நிற்கிறது.