அஞ்சுக்கு அஞ்சு

போன வருஷம் சித்தப்பாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். பில்லைக் கட்டிவிட்டு வண்டிக்குக் காத்திருந்தபோது, ஒரு பெண் சிரித்த முகத்தோடு ஃபீட்பேக் ஃபாரத்தை நீட்டினார். அறை சுத்தமா, சாப்பாடு சூடா, கூப்பிட்டதும் நர்ஸ் வந்தாரா?

"எல்லாத்துக்கும் அஞ்சே போடுடா. அந்த நர்ஸ் பொண்ணு தங்கம்" என்றார் சித்தப்பா. போட்டேன்.

ஆறாம் நாள் தையல் போட்ட இடம் சிவந்து, சீழ். ஜுரம் வேறு. மறுபடி அவ்வளவு தூரம் யார் அலைவது என்று தெருமுனை டாக்டரிடமே காட்டினோம். இரண்டு வாரம் தினமும் டிரெஸ்ஸிங்.

சீழ் பிடிப்பது எந்த நல்ல ஆஸ்பத்திரியிலும் நடக்கும். அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை. என் உறுத்தல் வேறு. பொதுவாக, ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள் காயத்தில் வருகிற தொற்றை ஆபரேஷன் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். நம்மிடம் மார்க் வாங்கியதோ மூன்றாம் நாள்! நான் பி.காம். படித்தவன். மார்ச் 31 வரை பொறுக்காமல் டிசம்பரிலேயே கணக்கை மூடி 'லாபம்' என்று எழுதியிருந்தால், எங்கள் ப்ரொஃபசர் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

அமெரிக்காவில் வீட்டுக்குப் போன 48 மணி நேரத்துக்குப் பிறகு, ஆறு வாரத்துக்குள் கேட்கிறார்கள். டாக்டர் காதுகொடுத்துக் கேட்டாரா, ராத்திரி அமைதியாக இருந்ததா என்பது மாதிரியான கேள்விகள். 2008 முதல் முடிவுகளை ஊரறிய வெளியிடுகிறார்கள். 2012 அக்டோபரிலிருந்து அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் தரும் பணத்தில் ஒரு சிறு பங்கு இந்த மார்க்கையும் பார்த்தே கிடைக்கிறது.

சரி, திருப்திக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? 2013-ல் அங்கே 31 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். ஆபரேஷனில் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்வதற்கும் நோயாளியின் திருப்திக்கும் தொடர்பு தெரியவில்லை. பின்னே? கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்களா என்பது, மயக்கத்தில் படுத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் 2015-ல் 2,953 மருத்துவமனைகளைப் பார்த்த இன்னொரு ஆய்வு, திருப்தி அதிகமுள்ள இடங்களில் ஆபரேஷனுக்குப் பிந்தைய சாவும் குறைவு என்றது. ஆக, நோயாளி பேச்சு வெறும் உபசார வார்த்தை இல்லை. கூப்பிட்டதும் நர்ஸ் வருகிற வார்டில் ஆபத்தும் சீக்கிரம் கண்ணில் படும்போல. (இது என் ஊகம்தான்.) ஃபாரத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதை மட்டும் ஃப்ரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டாதீர்கள் என்கிறேன்.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்றொரு சர்ஜன் இருந்தார். 1911 முதல் 1916 வரை தன் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 337 பேரின் விவரத்தை அச்சடித்தே வெளியிட்டார். அதில் 123 பிழைகள் என்று அவரே எழுதினார்! ஒவ்வொருவரையும் பிற்பாடு தேடிப்பிடித்து, குணமாச்சா என்று கேட்டே ஆகணும் என்பது அவர் பிடிவாதம். சக டாக்டர்கள் அவரைக் கொண்டாடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

'போன வருஷம் இத்தனை பித்தப்பை, இத்தனை பேருக்குச் சீழ்' என்று எங்காவது போர்டு பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. முப்பதாம் நாள் ஒரு போன் போட்டு, "தையல் ஆறிடுச்சா ஐயா?" என்று கேட்க என்ன செலவாகிவிடும்?

சித்தப்பாவுக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரத்தான் செய்தது. நாற்பதாம் நாள். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் தள்ளுபடியாம்.