யார் போட்ட மெட்டு?

பிரிந்துபோன இசைக்குழுக்களின் ரசிகர்கள், பிரிந்துபோன கட்சிகளின் தொண்டர்களைவிட உக்கிரமானவர்கள். கட்சிக்காரர்கள் தேர்தல் வந்தால் கூட்டணி வைத்துக்கொள்வார்கள். இவர்கள் மாட்டார்கள். பீட்டில்ஸ் 1970-ல் பிரிந்தது. லெனனா மெக்கார்ட்னியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. சண்டை போடுபவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை.

நம் ஊரில் ராக் குழுக்கள் குறைவு, அதனால் இந்த நோய் நமக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஒரு பௌர்ணமி கிரிவலத்தில், மலைக்கு மேற்குப் பக்கம் அடி அண்ணாமலை வந்ததும் கால் கெஞ்சியது. பதினான்கு கிலோமீட்டரில் பாதி தாண்டியாகிவிட்டது என்ற சமாதானத்துடன் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், பெரிய சத்தம். பாடிக்கொண்டிருந்தது 'பாலும் பழமும்'. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, மேலே பிங்க் ஃப்ளாய்டின் முக்கோணக் கண்ணாடி போட்ட வெளிறிய பனியன். அண்ணாமலையாரையும் பிங்க் ஃப்ளாய்டையும் ஒரே உடம்பில் சுமந்துகொண்டிருந்தார்.

பனியனைப் பற்றிக் கேட்டது வினை. ''இது பரிசாக வந்தது. என்னைக் கேட்டால் பிங்க் ஃப்ளாய்ட் 1968-லேயே முடிந்துவிட்டது'' என்றார். உலகம் அந்தக் குழுவைக் கேள்விப்பட்டதே அதற்கப்புறம்தான். ஆனால், இவர் சிட் பாரெட் கட்சி.

பாரெட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவுக்குப் பெயர் வைத்தவர், 1967-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். எல்.எஸ்.டி.யும் மனக் குழப்பமும் சேர்ந்து, மேடையில் கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க ஆரம்பித்தார். 1968-ல் விலக்கிவிட்டார்கள். 1970-ல் தனியாக இரண்டு ஆல்பம் போட்டார். இதில் ஒரு விசித்திரம், அந்த ஆல்பங்களை உட்கார்ந்து ஒப்பேற்றிக் கொடுத்தவர்கள் பழைய குழுவின் நண்பர்களே. இடத்தைப் பிடித்த டேவிட் கில்மர் உட்பட. பிறகு கேம்பிரிட்ஜில் ஓவியம், தோட்டம் என்று ஒதுங்கி, 2006-ல் இறந்துபோனார். நடுவில் 1975-ல் ஒருநாள், குழு அவரை நினைத்தே பாட்டு ரெக்கார்ட் செய்துகொண்டிருந்த லண்டன் ஸ்டுடியோவுக்குள் தலையையும் புருவத்தையும் மழித்த ஒரு குண்டு மனிதராக வந்து நின்றார். நண்பர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

நான் இதை டீ மாஸ்டருக்கும், டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆட்டோக்காரத் தம்பிக்கும் தமிழ்ப்படுத்தினேன். தம்பி சற்றும் யோசிக்கவில்லை. ''நம்ம ராமமூர்த்தி கேஸுதான் சார்.''

''அது எப்படிப்பா?''

''மெட்டு எம்.எஸ்.வி. சார், வாத்தியம் ராமமூர்த்தி. அவரு போனதும் அந்த வயலின் சத்தம் போச்சு. கேட்டாலே தெரியும்.''

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தாமலே, ''போடா, எல்லாமே விசு அண்ணன்தான். அவரு பெரிய மனசு, கூட இருந்தவருக்கும் பேரு குடுத்தாரு'' என்றார். பிறகு இருவரும், பிரிந்ததற்கு ஆளுக்கு மூன்று காரணம் சொன்னார்கள். ஆறும் வேறு வேறு. வெள்ளைக்காரருக்கு இதையெல்லாம் மொழிபெயர்த்தபோது, வீட்டுக்கு வந்துவிட்டவர் மாதிரி முகம் மலர்ந்தது.

இந்த இரண்டு சூத்திரங்களும் தமிழ்நாடு முழுக்கப் புழங்குபவை. இரண்டும் சரியா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. படங்கள் இருக்கின்றன, தேதிகள் இருக்கின்றன, காதும் இருக்கிறது.

முதலில் ஆட்களைப் பார்க்கலாம். டி.கே.ராமமூர்த்தி 1922-ல் திருச்சியில் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன், அதாவது வயலின் வீட்டுச் சொத்து. எம்.எஸ்.விஸ்வநாதன் ஆறு வருஷம் இளையவர். ஜுபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலையில் ஆரம்பித்து ஆர்மோனியத்துக்கு வந்தவர். இருவரும் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் இருந்தார்கள். சுப்பராமன் 1952-ல் சின்ன வயதிலேயே திடீரென்று இறந்துபோக, பாக்கி வேலைகளை முடித்துக் கொடுத்ததில் ஜோடி உருவானது. என்.எஸ்.கிருஷ்ணனின் 'பணம்' (1952) முதல் படம். பெரியவர் பெயர் ஏன் பின்னால் வந்தது என்றால், இளையவன் முன்னால் போகட்டும், விழாமல் பின்னாலிருந்து பெரியவர் தாங்கிக்கொள்ளட்டும் என்று கலைவாணர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கலைவாணர் சொல்லக்கூடியதுதான்.

1961-லிருந்து 65 வரை அவர்கள் போட்டது தமிழ் சினிமாவில் அதற்கு முன்னும் பின்னும் அபூர்வமான ஓட்டம். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் ஒரே வருஷம். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962. 1963-ல் சிவாஜி கையால் 'மெல்லிசை மன்னர்கள்' பட்டம். 1964 இன்னும் மோசம். 'கர்ணன்', 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்', 'படகோட்டி' என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து உலகங்கள். 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்'. அத்தோடு சரி.

இப்போது தம்பியின் சூத்திரம். வாத்தியம் எல்லாம் ராமமூர்த்தி என்றால், அவர் போனபிறகு விஸ்வநாதனின் வாத்தியக் குழு சோடை போயிருக்க வேண்டும். 1966 பொங்கலுக்கு வந்த 'அன்பே வா'வைக் கேளுங்கள். சோடையா? குளிர்ப் பிரதேசத்துக்கு ரயிலேறிய மாதிரி ஒரு வாத்திய விருந்து. 'உயர்ந்த மனிதன்' (1968) படத்தில் இரண்டு நண்பர்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே பேசிப் பாடும் அந்த ஒரு பாட்டு போதும். மெல்லிசைக் குழுவில் ஹென்றி டேனியலும் ஜோசப் கிருஷ்ணாவும் இருந்தார்கள், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட் இருந்தார்கள் என்பதை இந்தச் சண்டையில் யாரும் நினைப்பதில்லை. இரண்டு பேர் பிரிந்தார்கள் என்கிறோம். ஒருவர் ஸ்டுடியோவில் இருந்தார், ஒருவர் வெளியே வந்தார் என்பதுதான் விஷயத்துக்குக் கிட்டே வருகிறது.

கர்நாடக சங்கீதம் ராமமூர்த்தியிடமிருந்து வந்தது என்று இன்னொரு கிளைக் கட்சி. இதற்கு 'அபூர்வ ராகங்கள்' (1975) பதில். பாலமுரளிகிருஷ்ணா உண்டாக்கிய நான்கே ஸ்வரம் கொண்ட மகதி ராகத்தைச் சினிமாவுக்குள் கொண்டுவந்து, ஜேசுதாஸைப் பாட வைத்தவர் விஸ்வநாதன், தனியாக.

அப்படியென்றால் மாஸ்டர் சொன்னது சரியா, எல்லாமே விசு அண்ணன்தானா? அதற்கு ராமமூர்த்தி தனியாகப் போட்டதைக் கேட்டிருக்க வேண்டும். இங்கேதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் தேர்வு எழுதாமலே மார்க் போடுகிறோம். 'மறக்க முடியுமா?' (1966) படத்தில், காகிதத்தில் செய்த ஓடத்தை அலையில் விட்டுவிட்டுச் சுசீலா பாடும் பாட்டு இருக்கிறதே, எழுதியவர் மு.கருணாநிதி, அதற்கு இசை ராமமூர்த்தி. பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. குரல் தளும்பும் இடத்தில் பின்னணி பேசாமல் ஒதுங்கி நிற்கிறது. இப்படி ஒதுங்கத் தெரிவது ஒரு பெரிய வித்தை. 'நான்' (1967), 'மூன்றெழுத்து' (1968) இரண்டிலும் துள்ளல் பாட்டுகள். இன்றும் டி.வி.யில் வரும்போது பலர் ''எம்.எஸ்.வி. மாதிரி வருமா'' என்று ரசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மெட்டுப் போடத் தெரியாதவர் போட்டவை இல்லை இவை. பின் ஏன் அவர் தனியாகச் செய்த படங்கள் இரண்டு டஜனைத் தாண்டவில்லை?

பட்டியலைப் பாருங்கள். 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி', 'நீலகிரி எக்ஸ்பிரஸ்'. நல்ல பொழுதுபோக்குப் படங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் ஓடும் காமெடியும் மர்மமும். சிவாஜிக்கு 'தங்கச் சுரங்கம்' (1969) மாதிரி ஒன்றிரண்டு. எம்.ஜி.ஆர். படங்கள், ஸ்ரீதர், பீம்சிங், கண்ணதாசனோடு ராத்திரி பகலாகக் கம்போஸிங் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. கண்ணதாசன் ஒரு வரி சொல்ல, விஸ்வநாதன் பாட, அதைக் கேட்டு அவர் அடுத்த வரி சொல்ல என்று நடந்த அந்த வியாபாரம் 1981-ல் கவிஞர் இறக்கும்வரை தொடர்ந்தது. ராமமூர்த்திக்கு அந்த அறையே இல்லாமல் போனது.

இங்கே பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. லெனனும் மெக்கார்ட்னியும் ஆல்பத்துக்கு ஒன்று, போனால் போகிறது என்று இரண்டு பாட்டுதான் அவருக்குக் கொடுப்பார்கள். மீதி எல்லாம் அவர் பெட்டியில் சேர்ந்துகொண்டே வந்தது. குழு உடைந்த அதே 1970 நவம்பரில் மூன்று எல்.பி. கொண்ட ஒரு ஆல்பமாக அத்தனையையும் கொட்டினார். உலகம் வாங்கியது. யாரைக் கேட்க வேண்டும்? கிடார் இருந்தது, ரெக்கார்டு கம்பெனி இருந்தது. ஹீரோ கால்ஷீட் தேவைப்படவில்லை. சிட் பாரெட்டால்கூட, புத்தி தடுமாறிய நிலையிலும், இரண்டு ஆல்பம் போட முடிந்தது.

1966-ல் கோடம்பாக்கத்தில் ஒரு இசையமைப்பாளர் பிரிந்து வந்தால், அவருக்கு ஒரு தயாரிப்பாளர் வேண்டும், டைரக்டர் வேண்டும், ஹீரோ வேண்டும், ஹீரோ அந்தப் பெயருக்குத் தலையாட்ட வேண்டும். பக்திப் பாட்டை விட்டால் சினிமாவுக்கு வெளியே மெல்லிசைக்கு மார்க்கெட் கிடையாது. அதனால் ராமமூர்த்தியின் 'சோலோ ஆல்பம்' என்று ஒன்று இல்லவே இல்லை. மலைக்கோட்டைப் பேரனின் வயலினை நடுவில் உட்காரவைத்து ஒரு நாற்பது நிமிஷ எல்.பி. வந்திருந்தால், யார் போட்ட வாத்தியம் என்ற சண்டையே நமக்கு வேண்டியிருந்திருக்காது. அப்படி ஒரு வயலின் ஆல்பம் தமிழ்நாட்டிலிருந்து பெரிய அளவில் வர 1986 ஆயிற்று. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதற்குள் ராமமூர்த்திக்கு அறுபத்து நான்கு.

அதற்கும் பத்தொன்பது வருஷம் கழித்து, 2005-ல், அதே இளையராஜா 'திருவாசக'த்தை சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு கொண்டுவந்தார். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லப்படும் இடம் இதே அடி அண்ணாமலைதான். அவருக்குக் கோயிலே இருக்கிறது, கிரிவலப் பாதையை ஒட்டி. பெரும்பாலோர் டீக்கடையில் நிற்கிறோம், கோயிலில் நிற்பதில்லை.

சரி, பிரிந்ததில் எதுவுமே குறையவில்லையா? குறைந்தது என்றுதான் என் காது சொல்கிறது. ஆனால், வயலினோ ராகமோ அல்ல. 1961-65 படங்களில் சப்பைப் பாட்டு தேடினால் லேசில் கிடைக்காது. எழுபதுகளின் விஸ்வநாதனில் ஒரு படத்துக்கு இரண்டு தேறும், மற்றவை கடனே என்று போட்டது என்பது சகஜம். படங்கள் குவிந்தது ஒரு காரணம். பக்கத்தில் உட்கார்ந்து, ''விசு, இது வேண்டாம்ப்பா'' என்று சொல்லக்கூடிய, வயதில் மூத்த ஒரு ஆள் இல்லாதது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். இதை எந்த ரெக்கார்டிங்கிலும் காட்ட முடியாது. வேண்டாம் என்று ஒதுக்கிய மெட்டுகளை யார் ரெக்கார்ட் செய்து வைத்தார்கள்? ராமமூர்த்திக்கும் அந்தப் பக்கத்தில் நஷ்டம்தான். அவருக்கு இல்லாமல் போனது, ''இன்னும் கொஞ்சம் கிறுக்குத்தனமாப் போடலாம்ணே'' என்று இழுக்கிற ஆள். கிறுக்குத்தனம் விஸ்வநாதனிடம் கடைசிவரை இருந்தது. 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஒரு பாப் குழுவின் கதை. சிங்கப்பூர் போய் கமலும் ரஜினியும் போடும் அந்த ஆட்டத்துக்கெல்லாம் மெட்டுப் போட்டவர் ஐம்பது வயதுக்காரர். பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' அதே வருஷம்தான் வந்தது.

1995-ல் இருவரும் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மறுபடி சேர்ந்தார்கள். முப்பது வருஷம் கழித்து. எதிரே ரஹ்மானின் 'பம்பாய்'. எடுபடவில்லை. அதே 1995 கடைசியில், மிச்சமிருந்த மூன்று பீட்டில்ஸும், செத்துப்போன லெனனின் பழைய கேஸட்டை வைத்துக்கொண்டு ஒரு புதுப் பாட்டு வெளியிட்டார்கள். அதையும் பெரிதாகச் சிலாகிக்க முடியாது. ஆனால், அவர்களுக்கு உலகம் முழுக்கக் காத்திருந்தது. நம்மவர்களுக்குப் பாட்டுப் புத்தகம்கூட யாரும் வாங்கவில்லை. 2012-ல் ஒரு பெரிய விழாவில், ஜெயலலிதா இருவருக்கும் சேர்த்து 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டமும் பொற்காசுகளும் கொடுத்தார். அடுத்த வருஷம் ராமமூர்த்தியும், 2015-ல் விஸ்வநாதனும் காலமானார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இன்று எஃப்.எம்.மைத் திருப்பினாலும் செல்போனில் தேடினாலும் 'எம்.எஸ்.வி. ஹிட்ஸ்' என்ற தொகுப்பில் 'பாசமலர்' இருக்கிறது, 'கர்ணன்' இருக்கிறது. ராமமூர்த்தி பெயர் இடம் போதாமல் கழன்று விழுந்துவிட்டது. இந்தியில் ஜெய்கிஷன் 1971-ல் இறந்தபிறகும் சங்கர் கடைசிவரை 'சங்கர்-ஜெய்கிஷன்' என்றே டைட்டில் போட்டுக்கொண்டார். நாம் போடச் சொல்வது இருவரும் சேர்ந்து செய்த படங்களுக்கு மட்டும்தான். ஒரு கோடு, ஒரு பெயர். அப்லோட் செய்கிற புண்ணியவான்கள் தயவுசெய்து கவனிக்க.

நீங்கள் செய்யக்கூடியது, 'மறக்க முடியுமா?' பாட்டை இன்று ராத்திரி, இசை யார் என்று சொல்லாமல், வீட்டில் இருக்கும் எம்.எஸ்.வி. ரசிகர் ஒருவருக்குப் போட்டுக் காட்டுவது. என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.