மாயமும் வேடமும்: போலி விசுவாசத்தைச் சுட்டும் விவிலியத் தமிழ்ச் சொற்கள்

மெய்யான விசுவாசத்தை வாயளவிலான அறிக்கையினின்று பிரித்தறிதல் கிறித்தவ இறையியலின் பழஞ்சிக்கல். தமிழில் அது சொற்றேர்வுச் சிக்கலாகவும் அமைகிறது.

போலிப் பக்தரைச் சுட்ட நற்செய்தி நூல்கள் ஆளும் கிரேக்கச் சொல் ‘ஹுப்போக்ரித்தேஸ்’. செவ்வியல் கிரேக்கத்தில் அது நாடக நடிகனைக் குறிக்கும். எனினும் எழுபதின்மர் பெயர்ப்பில், யோபு நூலில் (34:30, 36:13), இறைப்பற்றற்றவனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு அதுவே ஈடாக வருகிறது. எனவே, நடிப்பு என்னும் பொருளோடு அதன் எல்லை முடிவதில்லை.

1871இல் முழுமை பெற்ற யூனியன் திருப்புதலின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘மாயக்காரன்’ என்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் (1995) ‘வெளிவேடக்காரர்’ என்கிறது. பின்னது சொற்பிறப்புக்கு நெருக்கமானது; தெருமுனையில் நின்று மன்றாடுவோரையும் நோன்பினால் முகம் வாடக் காட்டுவோரையும் சுட்டும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் மிகப் பொருந்துகிறது.

மத்தேயு 7:5இலோ நிலைமை வேறு. தன் கண்ணில் கிடக்கும் மரக்கட்டையை உணராதவனே அங்குச் சாடப்படுகிறான். வேடம் புனைபவன் தன் வேடத்தை அறிவான். இவன் தன்னையே அறியான். பிறரை ஏய்ப்பதோடு தானும் மயங்குவதற்கு ‘மாயம்’ என்னும் சொல்லில் இடமுண்டு. வித்தை காட்டுபவன் என்னும் பொருள் குறுக்கிடுவது அதன் குறை. ஆயினும் இவ்விடத்தில் பழைய சொல்லே ஆழமானது எனலாம். ஆண்டவரே என்றழைத்தும் புறந்தள்ளப்படுவோர் (7:21-23) தம் தகுதியை நம்பியே வாதிடுகின்றனர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

‘பிஸ்திஸ்’ என்பதைப் பழைய பெயர்ப்பு ‘விசுவாசம்’ என்றும், புதியது ‘நம்பிக்கை’ என்றும் தருகின்றன. முன்னதில் ‘நம்பிக்கை’ ‘எல்பிஸ்’ என்பதற்கு உரியது. பின்னது அதற்கு ‘எதிர்நோக்கு’ என்னும் சொல்லை ஆள்கிறது. எச்சொல்லைக் கொண்டாலும் மெய்யும் போலியும் சொல்லளவில் பிரிவதில்லை. யாக்கோபு 2:19 மனிதரின் நம்பிக்கைக்கும் பேய்களின் நம்பிக்கைக்கும் ஒரே வினையையே ஆள்கிறது. வேறுபாட்டைச் செயலே காட்டுகிறது. இரு பெயர்ப்புகளும் அவ்விடத்தில் வினையை மாற்றாமை பாராட்டத்தக்கது.

மூலம் முடிவு கூறாத இடத்தில் மொழிபெயர்ப்பு முடிவு கூறலாகாது. ‘வெளிவேடம்’ என்றவுடன் வாசகன் அயலானை நோக்குகிறான். 2 கொரிந்தியர் 13:5 சோதிக்கச் சொல்வதோ தன்னையே.