பின்னால் தாழ்ந்த வண்டி

பதினைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் செடானை இன்னும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. வேளாவேளைக்கு ஆயில் மாற்றினால் 1200 சிசி பெட்ரோல் எஞ்சின் சலிக்காமல் உழைக்கும். கியர்பாக்ஸ், ஏசி, மைலேஜ் எல்லாம் ஊரறிந்த சங்கதி. வண்டி சந்தைக்கு வந்தபோதே எழுதித் தீர்த்துவிட்டார்கள். மும்பை வடாலாவில் வண்டி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பின்பக்க ஸ்பிரிங் எப்படி இருக்கிறது?

என் வண்டி 2010இல் வடாலா ஆர்.டி.ஓ.வில் பதிவானது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இந்தக் குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை. பின்னால் டார்ஷன் பீம் அச்சு, டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் என்று இந்த நகரத்தில் ஓடும் சின்ன செடான்கள் அத்தனைக்கும் பொருந்தும். வண்டி மேல் எனக்குப் பிரியம் அதிகம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி வரை ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் சுமந்து போய், ஒரு முறைகூட வழியில் நிற்காமல் திரும்பி வந்த வண்டி இது.

மழை தொடங்கிய பிறகுதான் சத்தம் வந்தது. ஆன்டாப் ஹில் பக்கம் வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு அடி. பேவர் பிளாக் பெயர்ந்த இடங்களில் அதுவே இரண்டு மூன்றாகக் கேட்கும். பின்சீட்டில் ஆள் இருந்தால் சத்தம் அடங்கிவிடும், தனியாகப் போனால் பளிச்சென்று கேட்கும். அதனால் வீட்டில் யாரும் நம்பவில்லை. "நீங்க சொல்ற சத்தம் எங்களுக்கு மட்டும் கேக்கவே மாட்டேங்குதே" என்றாள் மனைவி. அவள் ஏறியதும் ஸ்பிரிங் அழுந்தி, ஆடுவதற்கு இடமில்லாமல் போய்விடுகிறது. இந்தக் கோளாறின் குணமே அதுதான்.

நம் கராஜ்களோடு எனக்குள்ள பழைய சண்டை ஒன்று உண்டு. சத்தத்தைக் கேட்கும் முன்பே பொருளை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் ஸ்டெப்னி கிளாம்பை முறுக்கினார்கள். பிறகு சைலன்சர் ரப்பர். அதற்கும் பிறகு ஷாக் அப்சார்பர் புஷ். ஒவ்வொன்றும் புதிதாக வந்தது, சத்தம் மட்டும் பழையபடியே இருந்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்பிரிங் கிண்ணத்தில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் கொடுக்கவில்லை.

கொடுத்தவர் கோக்ரி ஆகார் பக்கம் சாலையோரம் வேலை பார்க்கும் ஒரு பெரியவர், நெல்லைக்காரர். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. சமதரையில் நிறுத்தச் சொன்னார். இஞ்ச் டேப்பை எடுத்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஜாக்கி போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே கைவிட்டார்.

"அண்ணாச்சி, கடைசிச் சுத்து இல்லவே இல்ல. எங்கயோ ரோட்டுல விழுந்துட்டு."

"வலது பக்கம்?"

"அதுவும் போச்சு. துண்டு உள்ளேயே கெடக்கு, அதான் உயரம் கொறையல."

அந்தத் துண்டை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். விரல் பருமன் கம்பி, அரை வட்டத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். உடைந்த முகத்தைத் துடைத்தால் இரண்டு நிறம். விளிம்பில் பிறை வடிவில் கறுத்த துரு, மீதி முழுவதும் சாம்பல் நிறத்தில் மினுக்கும் புது உலோகம். கறுத்த பகுதி பல காலமாகத் திறந்திருந்த விரிசல். மழைத் தண்ணீர் உள்ளே போய்த் துருவேற்றிய இடம். மினுக்கும் பகுதிதான் கடைசியில் ஒரே அடியில் முறிந்தது. ஏதோ ஒரு பள்ளம் இதை உடைத்துவிடவில்லை, பள்ளம் கணக்கை முடித்து வைத்தது, அவ்வளவுதான்.

காயில் ஸ்பிரிங் இப்படித்தான் போகும். தயாரிக்கும்போதே அதன் மேல்தோலில் சின்ன உலோக மணிகளை வேகமாக அடித்து, தோல் முழுவதும் இறுகி நிற்கும்படி செய்கிறார்கள். இறுகிய தோலில் விரிசல் எளிதில் வாய் திறக்காது. அதற்கு மேல் பெயின்ட் பூச்சு. அடிச்சுற்று கிண்ணத்தில் உட்காரும் இடத்தில் கம்பி கம்பியோடும் கல்லோடும் உரசிப் பூச்சு போய்விடும். சேறு கிண்ணத்தில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு அந்த இறுகிய தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், பிறகு ஒவ்வொரு வேகத்தடையும் விரிசலை ஒரு மயிரிழை நீட்டுகிறது. அதனால்தான் பெரும்பாலும் நடுச்சுற்று உடைவதில்லை, கடைசிச் சுற்றுதான் உடைகிறது. பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் ஐரோப்பிய, அமெரிக்க ஊர்களிலும் இதே இடத்தில்தான் உடைகிறது.

இங்கே யாரும் உப்புத் தூவ வேண்டியதில்லை. வடாலாவின் கிழக்கு முழுவதும் உப்பளமும் அலையாத்திக் காடும் கழிமுகச் சேறும். சிவ்டி சேற்றுத்திட்டுக்கு ஃபிளமிங்கோ பறவைகள் வருவதும் அந்தச் சேற்றில் கிடைக்கும் இரைக்காகத்தான். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2005 ஜூலை 26இல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது உலகமே பார்த்தது. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீருக்கு அவ்வளவு பெரிய மழை தேவையே இல்லை. அந்தத் தண்ணீரில் இறங்கிய வண்டியை வீட்டுக்கு வந்ததும் நாம் மேலேதான் கழுவுகிறோம். அடியில் நல்ல தண்ணீர் அடிப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

உப்பு பாதி காரணம்தான், மீதி டிக்கியில் இருக்கிறது. இந்த நகரத்தில் மகாநகர் கேஸ் 1995இல் தொடங்கியது. டாக்ஸிகளுக்குப் பிறகு குடும்ப வண்டிகளும் சிஎன்ஜிக்கு மாறின. என் வண்டிக்கும் வெளியில்தான் கிட் போட்டேன். எஃகு சிலிண்டர், அதைப் பிடிக்கும் தாங்கி, உள்ளே வாயு எல்லாம் சேர்த்தால், வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் டிக்கியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பது மாதிரி. கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் அந்த ஆளைக் கணக்கில் வைத்துச் செய்ததில்லை. எப்போதும் பாதி அழுந்திய நிலையிலேயே அது வேலை செய்கிறது. அதற்கு மேல் நாலு பேரும் ஊர்ப்பயண மூட்டையும் ஏறினால் வேறு என்ன ஆகும்?

என்னை உறுத்துவது இதுதான். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். பம்பில் அந்தச் சோதனைத் தகட்டைப் பார்க்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும். 200 பார் அழுத்தம் விளையாட்டல்ல. ஆனால் அந்தச் சிலிண்டரைச் சுமக்கும் ஸ்பிரிங் பற்றிக் கிட் மாட்டியவரும் பேசவில்லை, பிறகு வந்த எந்த மெக்கானிக்கும் பேசவில்லை. இதே மாடலைக் கம்பெனியே சிஎன்ஜி வைத்து விற்றபோது பின்பக்கத்துக்கு வேறு ஸ்பிரிங் கொடுத்தது; பார்ட் நம்பரே வேறு. தெரிந்தே செய்த மாற்றம். வெளியில் கிட் போட்டவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

சொல்வதற்குப் பதிலாக விற்கிறார்கள், ரப்பர் பஃபர். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம். சில நூறு ரூபாய், பத்து நிமிட வேலை, வண்டி உடனே ஒரு இஞ்ச் தூக்கி நிற்கும். வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. அந்த ஒரு இஞ்சுக்காக ஸ்பிரிங்கின் ஒரு பகுதியை இயங்க விடாமல் கட்டிப்போடுகிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. மிச்சச் சுற்றுகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மணலும் ஈரமும் தங்கி, பூச்சை அரம் போட்டதுபோல் தேய்க்கும். வண்டி பின்னால் தாழ்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது உடைந்துவிட்டது. இரண்டுக்கும் ரப்பர் மருந்தில்லை. இதை விற்கிற ஒவ்வொரு கடைமுன்னும் நின்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பக்கத்துக் குர்லாவில் 1964 முதல் தயாரான பிரீமியர் வண்டியை, பிறகு பத்மினி என்று பெயர் பெற்றதை, இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டைகள். ஒரு பட்டை உடைந்தால் மற்றவை சுமையைத் தாங்கி வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். உடைந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வடாலா லாரி டெர்மினஸ் பக்கம் போனால் லாரிகளுக்கு இன்றைக்கும் அந்த வேலை நடக்கிறது. பத்மினியின் சவாரி சுகமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் 2003 அக்டோபரில் பதிவான கடைசி டாக்ஸி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30இல் ஓய்வு பெறும்வரை அந்த இனம் இதே பள்ளங்களில்தான் உழைத்தது. காயில் ஸ்பிரிங் எடை குறைவு, சவாரி மென்மை, இடமும் மிச்சம், மறுக்கவில்லை. அதில் மாற்றுக்கு நிற்க இன்னொரு கம்பி கிடையாது என்பதை மட்டும் வாங்குகிறவருக்குச் சொல்லியிருக்கலாம்.

மாற்றும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்ற அதை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். பின்னால் டார்ஷன் பீம் என்றால் வண்டியைத் தூக்கி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். பெரியவர் கிண்ணத்தைச் சுரண்டி, அடைத்திருந்த வடிகால் துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, புது ரப்பர் மெத்தையும் வைத்தார். சிஎன்ஜி மாடலுக்கான ஜோடி ஸ்பிரிங்கைத்தான் வாங்கிக் கொடுத்தேன். சி.எஸ்.டி. ரோட்டில் பழைய ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவது இன்னொருவர் வண்டியின் விரிசலைக் காசு கொடுத்து வாங்குவதுதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் கூடாது. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து, பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

வித்தியாசம் முதல் இரவே தெரிந்தது. ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் எதிரே வருகிறவர்கள் எனக்கு ஹெட்லைட்டை மின்னிக் காட்டுவது அதோடு நின்றது. வால் தாழ்ந்து மூக்கு தூக்கியிருந்ததால் என் விளக்கு அத்தனை நாளும் அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. பாலத்தின் இணைப்புகளில் பின்பக்கம் ஒரு முறை எழுந்து ஒரு முறை அமர்கிறது, இரண்டாவது ஆட்டம் இல்லை. வளைவில் ஸ்டியரிங் கைக்குள் நிற்கிறது. ஆள் இல்லாமல் போகும்போது முன்பைவிடக் கொஞ்சம் விறைப்பு. பின்சீட்டில் உட்காரும் மாமியார் முதுகைப் பிடித்துக்கொண்டு முதல் வாரம் புகார் சொன்னார். குடும்பத்தோடு, நிறைந்த டிக்கியோடு போகும்போது அந்த விறைப்பு வேண்டியிருக்கிறது.

பதினைந்து வருடப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாய் 5,000 ஆனது. பசுமை வரி தனி. வண்டியைக் கழித்துவிடச் சொல்ல இந்தக் கணக்கை நீட்டுகிறார்கள். மனமாரக் கட்டினேன். ஸ்பிரிங் ஜோடிக்கும் கூலிக்கும் சேர்த்து அதைவிடக் குறைவாகவே ஆனது. புது வண்டியின் ஒரு மாதத் தவணைக்கு முன் இரண்டும் சேர்ந்தாலும் ஒன்றுமில்லை. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் சமதரையில் நிறுத்தி, டேப்பால் இரண்டு பக்கமும் ஒரு முறை அளந்துவிடுங்கள். அளவு ஒத்திருந்தாலும் கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியின் வலது பக்கம் அளவில் சரியாகத்தான் இருந்தது.