மாமி, கீழே பாக்காதேங்கோ!

போங்கள். கொஞ்ச நாளாகக் காண்கிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கோயிலில் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னேன். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே சொல்லப் பார்த்தேன். தெட்ஃபோர்ட் காட்டுக்குப் போங்கள், மரத்தில் ஏறுங்கள், அங்கிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு பறந்து இறங்குங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் முதலில் போங்கள். இளசுகளுக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

ஈஸ்ட்ஹாமிலிருந்து எம்11, பிறகு ஏ11 என்று இரண்டு மணி நேர ஓட்டம். சஃபோக்கும் நோர்ஃபோக்கும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், பிராண்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஹை லொட்ஜ். 'கோ ஏப்' நிறுவனம் தன் முதல் மரவுச்சிப் பாதையை 2002இல் திறந்தது இந்தக் காட்டில்தான். அதைத் தொடங்கிய ட்ரிஸ்ட்ரம் மேஹியூவும் மனைவி ரெபெக்காவும் ஒருமுறை பிரான்ஸுக்கு விடுமுறையில் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு காட்டில் சனம் மரத்துக்கு மரம் தாவி விளையாடுவதைக் கண்டுவிட்டு, இங்கிலாந்திலும் இது வேண்டும் என்று வந்து தொடங்கியிருக்கிறார்கள். இப்போது பிரிட்டன் முழுவதும் 30க்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. நான் அது தொடங்கிய இடத்துக்கே போனேன்.

அந்தக் காட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. மனிதர் நட்டு வளர்த்த தாழ்நிலக் காடுகளில் பிரிட்டனிலேயே பெரியது இது. 18,000 ஹெக்டேருக்கு மேல். நூறு வருடத்துக்கும் முன் அது வெறும் மணல் வெளி. முயல் வளர்த்து இறைச்சியும் தோலும் விற்றதுதான் அந்த மண் கண்ட பெரிய விளைச்சல். 17ஆம் நூற்றாண்டில் காற்றில் கிளம்பிய மணல் சாண்டன் டவுன்ஹாம் என்ற கிராமத்தையே மூடப் பார்த்ததாம். முதல் உலகப் போர் நாட்டின் மரங்களைத் தின்று தீர்த்தது. அடுத்த தடவை சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவாவது மரம் வேண்டாமா? 1919இல் வன ஆணையம் அமைத்தார்கள், 1922இல் இங்கே பைன் நடத் தொடங்கினார்கள். அப்படி வந்த காடு இன்றைக்குக் கூக்குரல் போடும் என்னைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நட்டவர்கள் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

என்னுடன் வந்தவள் என் மருமகள், அண்ணாவின் மகள், பதின்மூன்று வயது. அண்ணாவும் வந்தார். முழங்கால் நோவைக் காரணம் காட்டி றோல்ஸ் பெட்டியுடன் வாங்கிலில் உட்கார்ந்துவிட்டார்.

இடுப்பிலும் தொடையிலும் வார் போட்டு இறுக்கி, முன்னால் கொக்கிகளையும் கப்பியையும் தொங்கவிட்டார்கள். சொல்லித்தந்த பெடியனுக்கு இருபது வயதுகூட இருக்குமோ தெரியாது. அவன் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: எந்த நேரத்திலும் ஒரு கொக்கியாவது கம்பியில் இருக்க வேண்டும். ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றாதே. தாழ்வான ஒரு கம்பியில் பழக்கிவிட்டான், ஒவ்வொருவராகச் செய்யவைத்துப் பார்த்தான். பிறகு போய்விட்டான்!

இதுதான், இதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்கிறேன். பொழுதுபோக்குப் பூங்காக்களில் நம்மை இருக்கையில் வைத்துக் கட்டி, பொத்தானை அழுத்தி, குலுக்கி இறக்குவார்கள். நாம் வெறும் சாமான். இங்கே என் உயிரை என் கையிலேயே தந்துவிட்டார்கள். பணியாளர்கள் கீழே நடந்து திரிந்து கவனிக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் உச்சியில் கொக்கியை மாட்டுவது நான், சரிபார்ப்பது நான், காலை எடுத்து வைப்பதும் நான். இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னை இவ்வளவு நம்பியதில்லை. வீட்டில் காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்றுகூட இரண்டு தரம் கேட்கிறார்கள்.

சிறுவர்களுக்குப் பெரியவர் பொறுப்பு என்பது விதி. கடுதாசியில் கையெழுத்து வைத்தது நான். மேலே போனதும் பொறுப்பு கைமாறிவிட்டது. "மாமி, மாட்டிட்டீங்களோ? இழுத்துப் பாருங்கோ. கீழே பாக்காதேங்கோ!" நான் பார்த்தேன். பன்னம் படர்ந்த தரை எங்கேயோ கிடந்தது. காற்றுக்குப் பைன் மரம் அசைகிறது, மரத்தைச் சுற்றிய பலகைத் தட்டும் அசைகிறது, அதில் நிற்கும் நானும் அசைகிறேன். பனையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் நான். தளைநாரில் ஏறியவர்கள் மேலேயிருந்து என்ன கண்டிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. அவர்களுக்கு வார் ஏது, கொக்கி ஏது!

ஆடும் பாலங்கள், கயிற்று வளையங்கள், ஒற்றைக் கம்பி என்று எத்தனையோ வந்தன. அவற்றை விடுங்கள். டார்சான் ஊஞ்சலுக்கு வருகிறேன். தட்டின் விளிம்பில் நிற்கிறீர்கள். கயிறு உங்கள் வாரில் மாட்டியிருக்கிறது. எதிரே ஒரு பெரிய வலை. ஒருவரும் தள்ளமாட்டார்கள், எண்ணிக்கை சொல்லமாட்டார்கள். காலை எடுத்து வெறுமையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் மாட்டேன் என்கிறது. பின்னால் வரிசை சேர்கிறது. "விளையாட்டுத்தானே மாமி" என்கிறாள் இவள். வைத்தேன். ஒரு கணம் கயிறு பிடிக்கவில்லை, வயிறு மேலேயே நின்றுவிட்டது. பிறகு கயிறு இறுக, ஒரு வீச்சு, வலையில் போய் மோதினேன். முருகனைக் கூப்பிட்டேனா அம்மாவைக் கூப்பிட்டேனா என்பதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது. வலையைப் பிடித்து மேலே ஏறுவதுதான் உண்மையான வேலை. மறுநாள் கைகள் சொல்லும்.

அப்புறம் ஸிப்லைன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! கம்பி நேராக இல்லை, நடுவில் தொய்ந்திருக்கிறது. அதனால் இறங்கும்போது வேகம் பிடித்து, நடுப்பகுதியில் உச்சம் கண்டு, முடிவில் தானாக அடங்குகிறது. மரங்கள் இருபுறமும் ஓடுகின்றன, கப்பி கூவுகிறது, காற்று வாய்க்குள் வந்து கத்தலைத் திருப்பி அடைக்கிறது. போகப்போக உடம்பு தானாகத் திரும்பி முதுகுப்புறமாகப் போய்ச் சேர்கிறீர்கள். மரச்சிராய்க் குவியலில் குதிகால் உரச, பின்பக்கமாக அமர்ந்து நிற்கிறீர்கள். மெல்லிய ஆட்கள் கடைசிவரை போய்ச் சேராமல், கம்பியைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். பாரமானவர்களைக் காற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. மருமகள் வழியில் நின்றாள். நான் நிற்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக என் எடை எனக்கு உதவியது. மரச்சிராய் உடுப்புக்குள் போன இடங்களை எழுத முடியாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பத்து வயதும் 1.4 மீட்டர் உயரமும் இருந்தால்தான் பெரிய பாதையில் விடுவார்கள். தலைமயிரை இறுக்கிக் கட்டுங்கள். வளையல், தொங்கட்டான் எல்லாம் வீட்டில். சால்வை வேண்டவே வேண்டாம். கையுறை கொண்டுபோங்கள். வார் தொடையை உராயும், ஆகவே நீளக் காற்சட்டை. மழை தூறினாலும் நடத்துவார்கள். பலத்த காற்றோ இடியோ வந்தால்தான் நிறுத்துவார்கள். சாப்பாட்டைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இறங்கி வந்தபோது அண்ணா பாதி றோல்ஸை முடித்திருந்தார். பரவாயில்லை, மிச்சத்தை நின்றபடியே முடித்தோம்.

மருமகள் அடுத்த இடத்தைத் தேடிவிட்டாள். வேல்ஸில் பெத்தெஸ்டா, பென்ரின் சிலேட் குவாரி. பழைய குழியின் மேலாக ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பி, 2013இல் திறந்தது. தலையை முன்னால் நீட்டிப் படுத்தபடி மணிக்கு 100 மைலுக்கு மேல் போகலாமாம். எனக்கும் சேர்த்து இடம் பிடிக்கச் சொல்லிவிட்டேன். அண்ணாவுக்கு இன்னும் தெரியாது. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.