மைதானம் காலியான பிறகு விழும் புள்ளிகள்

கபடி பார்த்து வளர்ந்தவர்கள், பாடப் போகிறவர் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறார் என்று கவனிப்பதில்லை. திரும்பும்போது யாரைத் தொட்டுவிட்டு வந்தார் என்றுதான் பார்ப்பார்கள். மூச்சுப் பிடித்துப் பாடிவிட்டு வெறுங்கையோடு நடுக்கோட்டைத் தாண்டினால் அது வெற்று ரெய்டு. இரண்டு வெற்று ரெய்டுக்குப் பிறகு மூன்றாவது 'டூ ஆர் டை': புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் வெளியே. சட்டமன்றத்துக்கும் இந்த விதி இருந்திருந்தால், மின் கட்டண விவாதத்தில் இரண்டு அணியிலும் பாதிப் பேர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளிபாளையத்துக்கு இது சொந்த மைதானத்து ஆட்டம். நம் ஊர் அடங்கிய குமாரபாளையம் தொகுதியில் 2011, 2016, 2021 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர் அ.தி.மு.க.வின் பி. தங்கமணி. 2016 முதல் 2021 வரை மின்துறை அமைச்சர். 2021 மே மாதம் அந்த நாற்காலிக்கு வந்த தி.மு.க.வின் செந்தில்பாலாஜி பக்கத்து மாவட்டமான கரூர்க்காரர். ஆக, மாநிலத்தின் மின் கட்டணச் சண்டை கொஞ்ச காலம் காவிரிக்கரையின் உள்ளூர் டெர்பியாக இருந்தது.

தங்கமணியின் பலம் தடுப்பாட்டம். 2014 டிசம்பருக்குப் பிறகு அவர் காலம் முடியும் வரை கட்டணம் ஏறவில்லை. தமிழ்நாடு மின்மிகை மாநிலம் என்பது அவர் வாதம். இந்த இரண்டையும் கேடயமாக வைத்து ஆடினார். ஆனால் கோட்டுக்குப் பின்னால் மின்வாரியத்தின் கடன் லட்சம் கோடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில், மின்வாரியக் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் கையெழுத்திட்டதும் அவர் காலத்தில்தான், தி.மு.க. அணி இன்றுவரை பிடித்து இழுக்கும் கால் அது. செந்தில்பாலாஜி தாக்கி ஆடுகிறவர். எதிரணியின் கணக்குகளைக் கிளறுவதில் வேகம் இருந்தது. என்ன, வந்த புதிதிலேயே மின்தடைக்கு அணிலையும் ஒரு காரணமாகச் சொல்லி, எதிரணிக்கு இலவசப் புள்ளி கொடுத்துவிட்டார்.

ஆட்டக்காரர்கள் இருக்கட்டும். புள்ளி எப்போது விழுந்தது என்று பாருங்கள்.

2022-ன் பெரிய உயர்வு ஜூலை 18 அன்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 9-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு, மறுநாளே அமல். சட்டமன்றத் தொடர் மே மாதமே முடிந்திருந்தது. அவை அடுத்து கூடியது அக்டோபர் 17-ல். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 1,130 ரூபாயாக இருந்த பில் 1,725 ஆகி, ஒரு மாதம் ஓடிய பிறகுதான் உறுப்பினர்கள் எழுந்து நின்று பாடினார்கள். 2024-ல் இன்னும் துல்லியம். சட்டமன்றத் தொடர் ஜூன் 29-ல் முடிந்தது. விக்கிரவாண்டி இடைத்தேர்தல் முடிவு ஜூலை 13-ல் வந்தது. 4.83 சதவீத உயர்வு உத்தரவு ஜூலை 15-ல் வந்தது, அதுவும் ஜூலை 1 முதல் முன்தேதியிட்டு. விசில் ஊதி, பாய் சுருட்டி, ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு ஸ்கோர் போர்டில் எண் மாறுகிறது.

டெல்லி மைதானத்திலும், சமையல் எரிவாயு விலையில், இதே கதைதான். நாடாளுமன்றத்தின் மழைக்காலத் தொடர் 2023 ஆகஸ்ட் 11-ல் முடிந்தது; சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைப்பு ஆகஸ்ட் 29-ல். 2024-ல் பிப்ரவரி 10-ல் தொடர் முடிந்தது. 100 ரூபாய் குறைப்பு மார்ச் 8, மகளிர் தினத்தன்று, தேர்தல் வாசலில். 2025-ல் ஏப்ரல் 4-ல் தொடர் முடிகிறது. மூன்றே நாளில் 50 ரூபாய் உயர்வு அறிவிப்பு. சென்னை விலை 1,118.50-லிருந்து 918.50, பிறகு 818.50, பிறகு 868.50. ஏற்றமோ இறக்கமோ, மூன்றும் அவை கூடாத நாளில்.

தடுத்த புள்ளிகளையும் சொல்லத்தான் வேண்டும். 2022 உத்தரவின்படி ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் தானாக ஏறும், உச்சவரம்பு 6 சதவீதம். 2023-ல் ஏறிய 2.18 சதவீதத்தையும் 2025-ல் ஏறிய 3.16 சதவீதத்தையும் வீடுகளுக்கு அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. 2016-ல் ஜெயலலிதா கொடுத்த 100 யூனிட் இலவசத்தில் அடுத்த அரசு கை வைக்கவில்லை. 500-ல் தொடங்கிய விசைத்தறி இலவச மின்சாரத்தை ஜெயலலிதா 750 ஆக்கினார், 2023 மார்ச்சில் ஸ்டாலின் அரசு 1,000 ஆக்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோடு கிழக்கில் அப்போதுதான் இடைத்தேர்தல் முடிந்திருந்தது. தறிக்காரர்கள் நேரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, யூனிட் யூனிட்தான்.

ஆனால் என் கண் நிற்பது வேறு ஒரு கோட்டில். 2025-ன் கணக்கில் இரண்டு மாதத்துக்கு சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! கோட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோய் அதற்கும் 4.70 விழுவதால் வரும் வினை இது. கபடியில் போனஸ் கோட்டைத் தாண்டினால் புள்ளி கிடைக்கும்; இங்கே தாண்டினால் அபராதம்.

எதிரணி விடாமல் பாடிய பாட்டு, மாதாந்திர மின் கணக்கெடுப்பு. 2021-ல் தி.மு.க.வே தந்த வாக்குறுதி. ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று தள்ளிப்போனது. கேட்பது நியாயம். ஆனால் எப்படிக் கணக்கெடுப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஏப்ரலில் 100, மே வெயிலில் 400 யூனிட் ஓட்டும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அதே 2025 கணக்கில் பில் 1,805. அந்தக் கட்டணப் படிகளை அப்படியே மாதத்துக்கு வைத்தால் 1,175 ஆகக் குறையும். படிகளையும் பாதியாக வெட்டினால் 2,500-ஐத் தாண்டும். ஒரே வாக்குறுதிதான், ஒன்று வரம், மற்றது தண்டனை. 'எப்போது' என்று கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவார். 'படி பாதியாகுமா, ஆகாதா' என்று கேட்பவர்தான் ஆளைத் தொட்டுவிட்டு வருவார்.

பள்ளிபாளையத்தில் பல வீடுகளுக்கு இரண்டு மீட்டர். தறிக் கொட்டகை மீட்டரில் 1,000 யூனிட் இலவசம், அங்கே தறி இரவெல்லாம் இரைகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் வீட்டு மீட்டர். மே கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் தெரு அக்கா ஒருவர், வெள்ளை அட்டையில் போன முறை எழுதியதைக் கழித்துப் பார்த்தார். 487. ரீடிங் எடுக்க இன்னும் நாலு நாள். "இதுக்கு மேல ஆகாதுங்க தம்பி" என்று கூலரை நிறுத்திவிட்டுப் பாயைத் திண்ணையில் விரித்தார்.