409

ஒரு மனுஷனின் வாழ்க்கையை ஒரே நம்பரில் அடக்க முடியுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் முடியும் என்கிறார்கள். அங்கே ஸ்டேட் காலேஜ் என்று ஓர் ஊர். (ஆமாம், ஊரின் பெயரே அதுதான்.) பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருப்பதால் இருக்கிற ஊர். அங்கே 409 என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் எதிரே வந்தால் யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ஜோ பட்டர்னோ என்கிற ஃபுட்பால் கோச் ஜெயித்த மேட்ச்களின் எண்ணிக்கை அது.

ஃபுட்பால் என்றதும் பீலேவை நினைக்காதீர்கள். இது அமெரிக்க சரக்கு. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ஆடுகிறவர்கள் காலேஜ் பையன்கள். பார்க்க வருகிறவர்கள்? பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேலே உட்காரலாம். ஊர் ஜனத்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இந்த பட்டர்னோ 1950-ல் உதவி கோச்சாக வந்தவர். 1966-லிருந்து 2011 வரை, 46 சீசன் தலைமை கோச். படித்தது ஆங்கில இலக்கியம். பையன்கள் வகுப்புக்குப் போக வேண்டும், டிகிரி வாங்க வேண்டும், பனியனில் முதுகுப் பக்கம் பெயர் போடக்கூடாது, டீம்தான் பெரிசு என்றெல்லாம் கறாராக இருந்தவர். 1982, 1986 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் பணத்திலிருந்து லட்சக்கணக்கான டாலர் கொடுத்து, லைப்ரரியை விரிவாக்கக் காரணமாக இருந்தார். அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயர். கோச் பெயரில் ஸ்டேடியம் இருக்கும், லைப்ரரி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இதுவரை சொன்னது ரசிகர்களின் பட்டர்னோ. அதில் பொய் எதுவும் இல்லை. சிக்கலே அதுதான்.

2011 நவம்பர் 5-ம் தேதி அவருடைய முன்னாள் உதவி கோச் ஜெரி சாண்டஸ்கி கைதானார். ஏழைப் பையன்களுக்காக என்று 1977-ல் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்து, அதில் வந்த சிறுவர்களையே பல வருஷங்களாகச் சீரழித்தவர். 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. 30 முதல் 60 வருஷம் வரை சிறை.

2001-ல் மைக் மெக்வியரி என்ற இளம் உதவியாளர், ஃபுட்பால் கட்டடத்தின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்துவிட்டு, மறுநாளே பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டர்னோ அதைத் தன் மேலதிகாரியிடம் சொன்னார். அவ்வளவுதான். போலீஸுக்கு யாரும் போகவில்லை. சாண்டஸ்கி அதன் பிறகும் பத்து வருஷம் அந்த வளாகத்துக்குள் சர்வசாதாரணமாக வந்து போய்க்கொண்டிருந்தார்.

இந்தக் கதையை இரண்டு படங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அல் பசினோ நடித்து பாரி லெவின்சன் இயக்கிய 'பட்டர்னோ' (2018, ஹெச்.பி.ஓ.), அமீர் பார்-லெவ் எடுத்த 'ஹாப்பி வேலி' (2014) என்ற டாக்குமென்டரி. அந்தப் பள்ளத்தாக்குக்கு ஊர்க்காரர்களே வைத்துக்கொண்ட செல்லப்பெயர் ஹாப்பி வேலி. கிண்டலுக்கு வேறு தலைப்பே தேட வேண்டியிருக்கவில்லை.

பசினோ படத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குற்றப்பத்திரிகையைப் படியுங்கள் என்று குடும்பமே கெஞ்சும்போது, அடுத்த சனிக்கிழமை மேட்சைப் பற்றியே யோசிக்கிற கிழவரை மனுஷன் பிரமாதமாகச் செய்திருக்கிறார். ஆனால் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்தபடி பழசை நினைப்பது மாதிரியான உத்தியெல்லாம் டி.வி. சீரியல் ரகம். பட்டர்னோவுக்கு எவ்வளவு தெரியும், எப்போது தெரியும் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படம் ஓடுகிறது. பதில் சொல்லக்கூடிய ஆள் 2012 ஜனவரி 22-ல், 85 வயதில், நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார்.

பார்-லெவ் புத்திசாலி. அவர் கோச்சை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கிறார். பின்னணியில் கனத்த குரலில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஸ்டேடியத்துக்கு வெளியே பட்டர்னோவின் வெண்கலச் சிலை. 2001-ல் வைத்தது. ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு ஓடி வருகிற மாதிரி. பக்கத்துச் சுவரில் கல்வியாளர், கோச், மனிதநேயர் என்று எழுதியிருக்கிறது. ரசிகர்கள் குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிலைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கண்டன அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சத்தம் போடவில்லை, யாரையும் தடுக்கவில்லை. ஃபிரேமுக்குள் நிற்கிறார், அவ்வளவுதான்.

வந்தவர்களுக்கு ஆத்திரம் பொங்குகிறது. கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன் என்கிறார்கள். வாக்குவாதம். அட்டை போட்டோவில் விழாமல் மறைக்கப் பார்க்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். யாரும் அவரிடம் 'நீ சொல்வது பொய்' என்று நிதானமாக வாதாடி ஜெயிக்க விரும்பவில்லை. அவர் இல்லாத ஒரு போட்டோ வேண்டும்.

பட்டர்னோ ஆதரவாளர்களின் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. சட்டப்படி மேலே சொல்ல வேண்டும், சொன்னார். அவர் மேல் வழக்கே போடவில்லை. வேலையை விட்டு நீக்கிய விதமும் அசிங்கம். 2011 நவம்பர் 9 காலையில், சீசன் முடிவில் ஓய்வு பெறுகிறேன் என்று அவரே அறிவித்தார். இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்ற வருத்தத்தையும் சொன்னார். அன்று இரவே ஒரு போன் நம்பரைச் சீட்டில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அவர் டயல் செய்தார். நீக்கிவிட்டோம் என்றார்கள். 61 வருஷ உத்தியோகத்துக்கு ஒரு போன் கால். மனைவி அதே நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டு, இத்தனை வருஷத்துக்கு இதைவிட நல்லபடியாக நடத்தியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சரி, நியாயமான கோபம். ஆனால் அன்று ராத்திரி ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, டி.வி. சேனல் வேனைக் குப்புறத் தள்ளினார்களே, அது யாருக்காக? நாலு நாள் முன்னால் சிறுவர்களுக்கு நடந்தது ஊருக்கே தெரிந்துவிட்டது. அப்போது கவிழாத வேன் கோச்சுக்காகக் கவிழ்ந்தது. இதை நான் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஜீரணமாகவில்லை. (நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: இரண்டு நாள் கழித்து அதே மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, பாதிக்கப்பட்டவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றினார்கள். பழைய மாணவர்கள் 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். மெழுகுவத்தியைவிட வேன்தான் டி.வி.யில் அதிகம் ஓடியது.)

எதிர்க்கட்சி மட்டும் ஒழுங்கா? 2012 ஜூலையில் முன்னாள் எஃப்.பி.ஐ. தலைவர் லூயி ஃப்ரீ அறிக்கை கொடுத்தார். பட்டர்னோவும் மூன்று அதிகாரிகளும் மறைத்தார்கள் என்றது. குடும்பம் அதை மறுத்துத் தனி அறிக்கை வெளியிட்டது. அறிக்கை வந்த பத்தே நாளில் சிலையைத் துணியால் மூடி எடுத்துப் போனார்கள். மறுநாள், கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. 6 கோடி டாலர் அபராதம் போட்டது. கூடவே ஒரு விநோத தண்டனை. 1998 முதல் 2011 வரை ஜெயித்த 111 வெற்றிகள் செல்லாது! 409 ஒரே நாளில் 298 ஆனது.

எனக்குப் புரியவே இல்லை. நடந்து முடிந்த மேட்ச் எப்படி நடக்காமல் போகும்? ஆடிய பையன்களின் முட்டி வலிகூட இன்னும் போயிருக்காது. வெற்றிகளைப் பறித்தால் அந்தக் குளியலறையில் நடந்தது சரியாகிவிடுமா? 2015 ஜனவரியில் வழக்கு சமரசமாகி 111-ம் திரும்பி வந்தது. ரசிகர்கள் கோச்சே நிரபராதி என்று தீர்ப்பு வந்த மாதிரி கொண்டாடினார்கள். பறித்தவர்களும் கொண்டாடியவர்களும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்தான். இருவருக்கும் தர்மத்தை அளக்க ஸ்கோர் போர்டைத் தவிர வேறு படி கிடைக்கவில்லை.

மூன்று அதிகாரிகளில் இருவர் 2017-ல் குழந்தைகளின் பாதுகாப்பை ஆபத்துக்குள்ளாக்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிரஹம் ஸ்பேனியர் அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்று, 2021-ல் சில வாரங்கள் உள்ளே இருந்தார். இந்த மூன்று பேருக்காக யாராவது பனியன் அச்சடித்தார்களா, சிலைக்குப் பக்கத்தில் அட்டை பிடித்தார்களா என்றால் இல்லை. நாற்காலியில் இருந்தவர்களை ஊர் எளிதாக மறந்துவிட்டது. சண்டை மொத்தமும் ஒரே ஆளைப் பற்றி.

'ஹாப்பி வேலி'யில் எனக்குள்ள குறையும் இதுதான். ஊர் கோச்சையே பார்த்துக்கொண்டிருந்ததைக் குத்திக் காட்டுகிற படம், கோச்சின் மனைவிக்கும் மகன்களுக்கும் தாராளமாக இடம் கொடுக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் தரப்பில் உருப்படியாகப் பேசுவது சாண்டஸ்கியின் வளர்ப்பு மகன் ஒருவர்தான். அவர் கேமரா முன்னால் உட்கார்ந்து, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசும்போது, மற்ற விவாதமெல்லாம் சின்னதாகிப் போகிறது. அவரோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை பார்-லெவ் கோட்டைவிடவில்லை. ஊரின் நடுவே மைக்கேல் பிலாட்டோ என்ற ஓவியர் வரைந்த பெரிய சுவரோவியம். ஊர்ப் பிரமுகர்கள் எல்லாம் அதில் உண்டு. சாண்டஸ்கி கைதானதும் அவரை அழித்துவிட்டுக் காலி நாற்காலியும் நீல ரிப்பனும் வரைந்தார். பிறகு அந்த இடத்துக்கு, வன்முறைக்கு ஆளானவர்களுக்காகக் குரல் கொடுக்கும் ஒரு பெண் கவிஞர் வந்தார். பட்டர்னோ இறந்ததும் அவர் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம். ஃப்ரீ அறிக்கை வந்ததும் மறுபடி ஏணியில் ஏறி, ஒளிவட்டத்தை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்தார்.

பட்டர்னோவை அழிக்கவில்லை.